கல்லூரி புகுதல்

‘விண்ணப்பம்’ என்னும் சொல் நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வருவது. காஞ்சியிலிருந்து ஆண்ட பல்லவ மன்னர் நிலக்கொடை அளித்தபோது, இன்னார் செய்த விண்ணப்பத்தால் இக்கொடை வழங்கப்பெற்றது எனச் செப்பேட்டில் பொறித்து வைத்தனர். கொடுப்பவன் அரசன், கேட்பவன் அவன் அருளை எதிர்நோக்கி நிற்பவன். மேனிலைத் தேர்வில் தேறிய மாணவர் இன்று கல்லூரிக்கு எழுதுவதும் விண்ணப்பம் என்றே பெயர் பெறுகிறது. ஆயினும் இஃது இரந்து கேட்பதன்று. உரிமையைச் சான்று காட்டிப் பெறுவதாகும்.

பண்டைக்காலத்தில் கல்வி எவர்க்குக் கிடைத்தது? பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில், பாடம் கேட்கத் தக்கார் அறுவரைக் குறிப்பிடுகின்றார். ஆசிரியனுடைய பிள்ளை, அவ்வாசிரியனுக்குக் கற்பித்தவனுடைய பிள்ளை, அரசனுடைய பிள்ளை ஆகிய மூவரும் பிறப்பினால் தகுதி பெற்றவர். பொருளை நிரம்பக் கொடுப்பவன் செல்வத்தினால் பெற்றான். பணிவிடை புரிபவன் உழைப்பினால் பெற்றான். எஞ்சிய ஒருவனே சொன்னதை விரைந்து பற்றிக்கொள்ளும் அறிவினால் பெற்றான். நன்னூலை நாள்தோறும் ஓதி வளர்ந்த என் போன்றோரும் இவ்விடத்தில் சற்றே தயங்கி நிற்பதுண்டு. திருப்பெரும்புதூரில் 1017-இல் தோன்றிய இராமாநுசர், மறைபொருள் ஒன்றை அறிவதற்காகத் திருக்கோட்டியூர் நம்பியின் இல்லத்திற்குப் பதினெட்டு முறை நடந்தார் என்று வைணவ மரபு கூறும். அத்தகைய பேரறிவாளரே அத்துணை முறை நடக்க வேண்டியிருந்ததெனின், ஏனையோர் நிலை சொல்லாமலே விளங்கும்.

அவ்வூர் இன்று தொழில் நகரமாகிவிட்டது. சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூர் உள்ளது. அங்கிருந்து சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் சாலையில் ஒரகடம் உள்ளது. ஏரிநீர் பாய்ந்த வயல்கள் இருந்த இப்பகுதியில், இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை 1998-இல் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010-இலும், டெய்ம்லர் சரக்குந்து ஆலை 2012-இலும், ராயல் என்பீல்டு ஆலை 2013-இலும் இயங்கத் தொடங்கின. விடியற்காலையில் சிற்றூர்களின் சாலையோரத்தில் நின்றால், ஆட்களை ஏற்றிச் செல்லும் ஆலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வருவதைக் காணலாம்.

இங்கு வாழும் மாணவர்க்குத் தேர்வு முடிந்ததும் இரண்டு வாயில்கள் தோன்றுகின்றன. ஒன்று ஆலை வாயில். ஆண்டு முழுதும் திறந்திருப்பது. உள்ளே சென்றால் அடுத்த மாதமே ஊதியம் தருவது. மற்றொன்று கல்லூரி வாயில். சில வாரங்களே திறந்திருப்பது. பொறியியல் படிப்புக்குரிய விண்ணப்பம் 2025-இல் மே 7 முதல் ஜூன் 6 வரையே பெறப்பட்டது. ‘சில மாதம் வேலை செய்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்வோம்’ என்பவர்க்கு ஓராண்டு கழிந்துவிடுகிறது. மறு ஆண்டு அவர்கள் விண்ணப்பிப்பது அரிது.

வறுமை மிகுந்த வீட்டில் முதல் ஊதியம் எத்துணை அருமையானது என்பதை நான் அறிவேன். ஆலைத் தொழிலை இழித்துரைப்பது என் கருத்தன்று. எனினும் நோக்கியாவின் கதையை இப்பகுதி மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். 2006-இல் திருப்பெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய அக்கைப்பேசி ஆலையில் பல்லாயிரவர் பணிபுரிந்தனர். பள்ளிப்படிப்பை முடித்த கையோடு வந்த இளம்பெண்கள் அவர்களுள் மிகப் பலர். அந்நிறுவனத்தின் கைப்பேசி வணிகத்தை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரி வழக்கின் காரணமாக இவ்வாலை விடுபட்டது. 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. பல ஆண்டு உழைத்த பின்னும், மேனிலைச் சான்றிதழ் ஒன்றையே கையில் வைத்துக்கொண்டு பலர் மீண்டும் வேலை தேட நேர்ந்தது.

இனி, விண்ணப்பிக்கும் முறையைப் பொறியியல் படிப்பைக் கொண்டு விளக்குவோம். முன்னாளில் மாணவர் கல்லூரிதோறும் தனித்தனியே விண்ணப்பித்து அலைந்தனர். 1997-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் வாயிலாக ஒற்றைச் சாளர முறை வந்தது. பெற்றோரும் பிள்ளையும் கிண்டிக்கு நேரில் சென்று இடத்தைத் தெரிந்தெடுத்தனர். 2018 முதல் அது கணினி வழியாக நடைபெறுகிறது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் அதனை நடத்துகிறது. அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கே இம்முறை உரியது. தனியார் கல்லூரிகளின் நிருவாக ஒதுக்கீடு வேறு.

தரவரிசைக்குரிய மதிப்பெண் 200. கணக்கில் பெற்றது அப்படியே கொள்ளப்படும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகக் குறைக்கப்படும். கணக்கில் 88, இயற்பியலில் 76, வேதியியலில் 82 பெற்ற ஒருவர்க்கு 88, 38, 41 எனக் கூட்ட, 167 வரும். இருவர் சமமாக நின்றால், முதலில் கணக்கும் பின்னர் இயற்பியலும் நோக்கப்படும். வேறு மதிப்பெண்களாலும் வேறுபாடு தோன்றாவிடில் அகவையில் மூத்தவர் முந்துவர். பிறந்த நாளும் ஒன்றாயின் கணினி வழங்கிய சமவாய்ப்பு எண் முடிவு செய்யும். மொத்த இடங்களுள் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டுக்குரியது. எஞ்சிய 31 விழுக்காடு எந்த ஒரு வகுப்பார்க்கும் தனியுரிமை உடையதன்று. தரவரிசைப்படி எல்லாரும் அதற்கு உரியவரே. இதனை அறியாதார் இன்றும் உளர்.

சான்றுகளை முன்னரே திரட்டுதல் நன்று. மதிப்பெண் சான்றும் மாற்றுச் சான்றும் பள்ளியில் கிடைக்கும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தின் வழியே வருவாய்த் துறையினிடம் பெறுதல் வேண்டும். இவை கேட்ட அன்றே கிடைப்பன அல்ல. விண்ணப்பத்தில் எழுதும் பெயரும் பிறந்த நாளும் சான்றுகளில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருத்தல் வேண்டும்.

இவை யாவும் எளியன. அரியது, விருப்பப் பட்டியலை வரிசைப்படுத்துதலே. மாணவர் பலர் இடறி விழுவது இங்குத்தான். ‘இக்கல்லூரி எனக்குக் கிடைக்காது, ஆதலால் கிடைக்கக்கூடியதை முதலில் எழுதுவேன்’ என்று எண்ணுகின்றனர். கணினி செய்வது யாது? தரவரிசையில் நூறாமவர் பெயரை அது எடுக்கும்போது, அவர்க்கு முன்னுள்ள 99 பேர்க்கும் பங்கீடு முடிந்திருக்கும். அவர் எழுதிய முதல் விருப்பத்தில் இடம் இருந்தால் அதனைக் கொடுக்கும். இல்லையேல் இரண்டாவதைப் பார்க்கும். பின்னர் மூன்றாவதைப் பார்க்கும். நூற்றொன்றாமவர் தம் பட்டியலின் தலையில் எதை எழுதியிருந்தாலும் நூறாமவரை முந்த இயலாது. ஆகவே கிடைப்பதற்கு அரியதை முதலில் எழுதுவதனால் இழப்பு ஏதுமில்லை. எளிதில் கிடைப்பதை முதலில் எழுதினாலோ, அதுவே கிடைத்துவிடும். அதற்குக் கீழே எழுதிய நல்லிடம் காலியாகவே இருந்தாலும் கைக்கு வாராது. பட்டியலின் நீளத்திற்கும் எல்லை இல்லை. பத்துப் பெயரோடு நிறுத்திக்கொண்டு இடமின்றித் திரும்புவது வீண். சேர விருப்பமில்லாத கல்லூரியைப் பட்டியலில் சேர்ப்பதும் தகாது.

ஒத்த பெயருடைய கல்லூரிகள் பல இருப்பதால், பெயரை மட்டும் நம்பாமல் கல்லூரிக்குரிய குறியீட்டெண்ணையும் சரிபார்த்தல் வேண்டும். பாடப்பிரிவைத் தேர்வதிலும் எச்சரிக்கை தேவை. ஊருக்கு அருகே மகிழுந்து ஆலை இருப்பதனாலேயே அத்தொடர்பான பிரிவைப் பலர் கேட்கின்றனர். அவ்வாலைக்குள்ளேயே மின்னியலும் மின்னணுவியலும் கணினியியலும் கற்றோர் பணிபுரிகின்றனர் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

தற்காலிக ஒதுக்கீடு வந்தபின், ஏற்றுச் சேரலாம். ஏற்றுக்கொண்டே மேலான விருப்பத்திற்குக் காத்திருக்கலாம். மறுத்து அடுத்த சுற்றுக்கும் செல்லலாம். எதுவாயினும் குறித்த நாளுக்குள் கணினியில் உறுதி செய்தல் வேண்டும். வாளாவிருந்தால் வந்த இடமும் போய்விடும்.

பணத்தை நினைத்து அஞ்சுவோர்க்கு ஒரு சொல். குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறாதிருப்பின், முதல் பட்டதாரிக்குரிய கல்விக் கட்டணச் சலுகை உண்டு; இது 2010-11 முதல் நடைமுறையில் உள்ளது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குத் தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை ஒதுக்கும் சட்டம் 2021-இல் இயற்றப்பெற்றது. அவ்விடம் பெற்றவர்க்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளி மாணவியர் உயர்கல்வி பெறும் காலத்தில் மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. மாணவர்க்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இல் வந்தது.

ஏதேனும் ஒரு பாடத்தில் தவறியவரும் உடனே ஆலைப் பேருந்தில் ஏறிவிட வேண்டுவதில்லை. அவர்க்கு அவ்வாண்டிலேயே துணைத் தேர்வு உண்டு. அதில் தேறியவர்க்கெனப் பொதுக் கலந்தாய்வு முடிந்தபின் துணைக் கலந்தாய்வு நடைபெறும். அதற்குத் தனியே விண்ணப்பித்தல் வேண்டும். சான்றுகள் மேலே சொன்னவையே.