காவிரியின் கூன்முதுகு மீன்

குடகு மலையில் உற்பத்தியாகி, பாறைகளில் மோதிச் சிதறி, ஒகேனக்கல்லில் பேரிரைச்சலுடன் வீழ்கின்ற காவிரியின் பிரவாகத்தை எதிர்த்து நீந்துவதற்கென்றே வலிய சரீரமும் அகன்ற வாலும் வாய்க்கப்பெற்றது, கூன்முதுகு மஹசீர். கெண்டைக் குலத்தில் இத்தகைய ஆகிருதி அபூர்வம். 1946-இல் மைசூர்ச் சீமையில் வான் இங்கன் என்பவரின் தூண்டிலில் அகப்பட்ட மஹசீர் 120 ராத்தல், அதாவது சுமார் 54 கிலோ.

சதைப்பற்றான உதடுகள், அவற்றையொட்டி இரண்டு ஜோடி மீசைகள், முதிர்ந்த மீனில் உள்ளங்கையை மறைக்குமளவு செதில்கள். தாடையில் ஒரு பல்கூடக் கிடையாது. ஆனால், நண்டையும் நத்தையையும் ஓட்டோடு நொறுக்கும் பற்கள் தொண்டைக்குள்ளே மறைந்திருக்கின்றன.

விசித்திரம் என்னவென்றால், வேட்டைப் பிரியர்களிடையே ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கீர்த்தி பெற்றிருந்த இந்த மீனுக்குச் சாஸ்திரீயமான பெயர் நிச்சயமாகாமலே இருந்தது. காவிரியின் உபநதிகளைச் சேர்ந்த பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களுக்கு 2007-இல் இட்ட 'டோர் ரெமாதேவி' என்ற நாமமே இதற்கும் உரியது என்று 2018-இல்தான் ஆராய்ச்சியாளர் நிரூபித்தனர். அதே வருஷம், அழிவின் விளிம்பிலுள்ள ஜீவராசிகளின் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

நீரோட்டத்தைத் தடுத்த அணைகளும், முட்டையிடும் இடங்களைக் குலைத்த மணற்கொள்ளையும், ஈவிரக்கமற்ற வெடிவைப்பும் போதாவென்று, உபகாரம் செய்வதாக எண்ணி மஹாராஷ்டிரத்து லோனாவாலாவில் வளர்த்த நீலத்துடுப்பு மஹசீர்க் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். அவை பல்கிப் பெருக, சுதேசி மீன் அருகிப்போயிற்று. எஞ்சிய சிலவற்றுக்கு, நீலகிரிச் சாரலில் பாயும் மோயாறு இன்னும் புகலிடம் தருகிறது.