விரல் நுழைகிற இடம்

ஒரு மணி நேரச் சவாரி முடிந்து குதிரையின் முதுகிலிருந்து சேணத்தை இறக்கியதும், விவரம் தெரிந்த லாயக்காரர் முதலில் பார்ப்பது வியர்வையைத்தான். முதுகெலும்பின் இருபுறமும் ரோமம் சீராக நனைந்து, நடுவில் எலும்பின் மேல் மட்டும் ஒரு பட்டை காய்ந்திருந்தால் நிம்மதியாகத் தேய்த்துவிடப் போவார். நனைந்த பரப்புக்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு உலர்ந்திருந்தால் முகம் மாறும். அந்த இடத்தைச் சேணம் தொடாமலே இருந்திருக்கலாம். அல்லது வியர்வை சுரக்க முடியாத அளவுக்கு அங்கே விடாமல் அழுத்தியிருக்கலாம். இந்த அழுத்தம் மாதக்கணக்கில் தொடர்ந்தால் அங்கே முடி வெள்ளையாக முளைக்கும். பழுப்புக் குதிரையின் முதுகில் வெள்ளைப் பொட்டுகளைப் பார்த்து அழகு என்று சொல்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது எப்போதோ கடித்த சேணத்தின் தழும்பு.

குதிரையின் முதுகு நீளமாகத் தெரிந்தாலும் ஆளைச் சுமக்கத் தகுந்த இடம் கொஞ்சம்தான். முன்பக்க எல்லை தோள்பட்டை எலும்பு. குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது; முன்னங்கால்களை உடம்போடு பிணைத்திருப்பவை தசைகளே. கால் முன்னே நீளும்போதெல்லாம் தோள்பட்டையின் மேல்முனை பின்னால் நகர்கிறது. அங்கே சேணம் வழிமறித்து நின்றால் குதிரை எட்டைக் குறுக்கிக்கொள்ளும். பின்பக்க எல்லை கடைசி விலா. குதிரைக்குப் பொதுவாக 18 ஜோடி விலாக்கள். அவற்றுக்குப் பின்னால் இடுப்புப் பகுதியில் முதுகெலும்புக்கு அடியே தாங்க எதுவும் இல்லை. இந்த இரண்டு எல்லைகளுக்குள்ளும் முதுகெலும்பின் மேல் பாரம் விழக் கூடாது. பக்கவாட்டுத் தசைகளின் மேல்தான் விழ வேண்டும்.

ஆகவே சேணம் என்பது ஒருவகைப் பாலம். அதன் கெட்டிக்காரத்தனம் எங்கே தொடுகிறது என்பதைவிட எங்கே தொடாமல் விடுகிறது என்பதில் இருக்கிறது. இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி அல்ல. சீனாவின் துர்ஃபான் பகுதியில் உள்ள யாங்ஹாய் இடுகாட்டில், ஒரு பெண்ணின் கல்லறையிலிருந்து தோல் சேணம் ஒன்று கிடைத்தது. அதன் காலம் கி.மு. 724க்கும் 396க்கும் இடைப்பட்டது என்று 2023இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். வைக்கோலும் மான், ஒட்டக முடிகளும் திணித்த இரண்டு மெத்தைகள், நடுவில் அவற்றைப் பிரிக்கும் ஒரு தோல் பட்டை. கால் ஊன்றும் அங்கவடி கிடையாது. ஆனால் முதுகெலும்புக்கு இருபுறமும் பாரத்தைப் பிரிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது.

1859இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட மெக்லெல்லன் சேணத்தில் இந்த எண்ணம் உச்சத்துக்குப் போனது. ஐரோப்பியப் படைகளைப் பார்த்துவரப் போயிருந்த ஜார்ஜ் மெக்லெல்லன் என்ற அதிகாரி வடிவமைத்தது. இருக்கையின் நடுவே முன்னிருந்து பின்வரை நீளமாக ஒரு திறப்பு! உட்கார்ந்தவருக்குச் சுகமாக இருந்திருக்காது. குதிரையின் முதுகெலும்புக்கோ காற்று கிடைத்தது. ஒரே அச்சில் வார்த்த சேணத்தை ஆயிரக்கணக்கான குதிரைகளுக்குப் போட்டார்கள். ஒல்லிக்கும் பருமனுக்கும் உள்ள வித்தியாசத்தை அடியில் மடித்துப் போட்ட கம்பளி சமாளித்தது. அல்லது சமாளித்ததாக நினைத்தார்கள். ஒவ்வொரு குதிரைக்கும் தனி அளவு வேண்டும் என்ற புரிதல் மெல்லத்தான் வந்தது. அமெரிக்காவின் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் ராணுவ இறுதி ஊர்வல வண்டிகளை இழுக்கும் குதிரைகளின் உடல்நலம் கெட்டு, 2023இல் அந்த ஊர்வலங்களையே நிறுத்த வேண்டியதாயிற்று. 2025இல் மறுபடி தொடங்கியபோது ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனியாக அளவெடுத்த சாதனங்கள் வந்திருந்தன.

அளவு பார்க்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். விரிப்பு எதுவும் இல்லாமல் வெறும் சேணத்தைக் கழுத்தருகே வைத்து, ரோமம் படியும் திசையில் மெல்லப் பின்னால் தள்ளினால் அது தானாக ஓரிடத்தில் நிற்கும். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்புக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் அகலம் வேண்டும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேட்டுக்கும் சேணத்தின் முன்வளைவுக்கும் நடுவே, ஆள் ஏறிய பிறகும், இரண்டு விரலாவது நுழைய வேண்டும். அடியில் இரண்டு மெத்தைகளுக்கும் இடையே உள்ள வாய்க்கால் மூன்று நான்கு விரல் அகலம். பிறகு உள்ளங்கையை மெத்தைக்கு அடியில் நுழைத்து முன்னிருந்து பின்வரை தடவிப் பார்க்க வேண்டும். முன்னும் பின்னும் இறுகி, நடுவில் கை லேசாகப் போய்வந்தால் பாரம் முழுக்க நான்கு மூலைகளில் இறங்குகிறது என்று அர்த்தம்.

சேணத்தின் உள்ளே இருக்கும் சட்டம் குறுகலாக இருந்தால் விரிப்பை இன்னும் தடிமனாகப் போடுவது பலரும் செய்யும் தவறு. கடிக்கிற செருப்புக்குள் தடித்த காலுறை போட்டால் என்ன ஆகும்? அதேதான் இங்கேயும். சட்டம் சரியாக இருந்து மெத்தைக் கம்பளி மட்டும் அமுங்கிப் போயிருந்தால் பிரித்துப் புதிதாகத் திணிக்கலாம். குதிரையும் ஒரே உருவில் இருப்பதில்லை. பயிற்சியில் தசை ஏறும், ஓய்வில் வடியும். ஆறு மாதம் முன்பு பொருந்தியது இன்று பொருந்த வேண்டும் என்று கட்டாயமில்லை.

எவ்வளவு பொருந்தினாலும் எடைக்கு ஒரு கணக்கு உண்டு. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில், குதிரைகள் தம் எடையில் 20 சதவீதம் வரை சிரமமின்றிச் சுமந்தன. 25, 30 சதவீதத்தில் தசைவலியின் அறிகுறிகள் தெரிந்தன. 400 கிலோ குதிரை என்றால் ஆளும் சேணமும் சேர்ந்து 80 கிலோ.

வலிக்கிறது என்று குதிரை சொல்லாமலா இருக்கிறது? சேணத்தோடு ஆள் வருவதைக் கண்டதும் காதுகளைப் பின்னால் மடக்கும், வயிற்று வாரை இழுக்கும்போது திரும்பிக் கடிக்க வரும். இதற்கு முரட்டுக் குதிரை என்று பெயர் வைத்துவிடுவார்கள். பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் சூ டைசன், சவாரியின்போது கவனிக்க வேண்டிய 24 நடத்தைகளைப் பட்டியலிட்டார். அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் வலி இருக்க வாய்ப்பு அதிகம்.

இதுவரை குதிரையின் பாடு. ஏறியிருப்பவரின் உயிர் தொங்குவது அங்கவடியில். விழுவதைவிட, கால் மாட்டிக்கொண்டு இழுபடுவதுதான் பயங்கரம். காலணியின் அகலத்தைவிட அங்கவடி சுமார் இரண்டரை சென்டிமீட்டர் அகலம் கூடியிருக்க வேண்டும். குறைந்தால் கால் சிக்கும், மிகுந்தால் பாதம் முழுதும் உள்ளே போய்விடும். குதிகால் உயர்ந்த காலணி வேண்டும் என்பதும் இதற்காகத்தான். ஊட்டியில் செருப்புக் காலோடு குதிரையேறிப் படமெடுத்துக்கொள்பவர்கள், கயிற்றை வேறொருவர் பிடித்து நடத்துவதால் தப்பிக்கிறார்கள். சிலவகை அங்கவடிகளில் வெளிப்பக்கம் இரும்புக்குப் பதிலாக ரப்பர் வளையம் இருக்கும். விழும்போது அது கழன்று காலை விடுவிக்கும். ஏறிய ஐந்து நிமிடத்தில் வயிற்று வாரை மறுபடி சரிபார்ப்பதும் சேர்த்தால் பாதி ஆபத்து போகும்.

மீதிப் பாதிக்குத் தலைக்கவசம். அமெரிக்க வீராங்கனை கோர்ட்னி கிங்-டை 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் பங்கேற்றவர். 2010இல் பயிற்சியின்போது குதிரை இடறியதில் விழுந்து, மண்டையோடு உடைந்து, வாரக்கணக்கில் நினைவிழந்து கிடந்தார். அன்று அவர் தலையில் கவசம் இல்லை. அவர் பங்கேற்ற டிரெசாஜ் எனும் குதிரை நடைப் போட்டிகளின் உயர் மட்டத்தில் அப்போது உயரமான பட்டுத் தொப்பிதான் மரபு. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு அங்கே தலைக்கவசத்தைக் கட்டாயமாக்க 2021 ஆனது.

கடைசியாக, மறுபடி குதிரைக்கு வந்தால், அதன் வாய். கடிவாளத்தின் இரும்பு, முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் முளைக்காத இடைவெளியில் உட்காருகிறது. அங்கே எலும்பின் மேல் இருப்பது மெல்லிய ஈறு மட்டுமே. வலித்தால் குதிரை வாயைத் திறக்கும்; திறக்காமலிருக்க மூக்கு வாரை இறுக்குவார்கள். வாருக்கும் மூக்கெலும்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பது நெடுநாள் விதி. போட்டிக் குதிரைகள் 750ஐ அளந்து 2017இல் வெளியான ஆய்வில் 7 சதவீதத்துக்குத்தான் அந்த இடம் இருந்தது. 44 சதவீதத்தில் ஒரு விரல்கூட நுழையவில்லை. யாருடைய விரல் என்ற வாக்குவாதத்துக்கும் குறைவில்லை. ஜாக்கியின் விரல் வேறு, லாடம் அடிப்பவரின் விரல் வேறு. ஆகவே 2025 மே மாதத்திலிருந்து சர்வதேசப் போட்டிகளில் விரலுக்குப் பதிலாக ஓர் அளவுகருவியை மூக்கெலும்பின் மேல், வாருக்கு அடியில் நுழைத்துப் பார்க்கிறார்கள்.