உதவி வந்தது சரி... யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நாகப்பட்டினத்தைப் புரட்டிப் போட்டபோது நம்மில் பலர் பிறக்கவே இல்லை. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். அதில் குழந்தைகள் ஏராளம். உலகமே உதவிக்கு ஓடி வந்தது. வந்தவர்கள் செய்தது சரியா என்று எப்படி மதிப்பிடுவது?

என் அம்மா சோளிங்கரிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து, ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போகிறவர். (எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான், எனக்கு முதல் வாத்தியார் அவர்தான்.) எவ்வளவு தோல் உள்ளே போச்சு என்று அங்கே பெருமை பேச முடியாது. எத்தனை ஜோடி பாஸ் ஆச்சு? அதுதான் கணக்கு. நிவாரணத்தையும் அப்படியே பார்ப்போம்.

லாரி லாரியாகப் பழைய துணி நாகைக்கு வந்தது. மீனவ மக்கள் அதை விரும்பவில்லை. சாலையோரம் குவிந்து கிடந்தது. அனுப்பியவர் கணக்கில் உதவி, வாங்கியவர் கணக்கில் குப்பை! பெற்றவர்களைப் பறிகொடுத்து நிற்கும் பிள்ளைக்குக் கந்தலா கொடுப்பது?

அடுத்து யூனிசெஃப். 1946-ல் பிள்ளைகளுக்கென்றே தொடங்கிய ஐ.நா. அமைப்பு. முகாமில் நெருக்கியடித்துப் படுத்தால் தட்டம்மை சரசரவென்று பரவும். சத்துக் குறைந்த பிள்ளைக்குக் கண்ணே போகலாம், உயிரும் போகலாம். அதனால்தான் தடுப்பூசியும் வைட்டமின் ஏ-யும் கொடுத்தார்கள். நல்ல வேலை. ஆனால் யூனிசெஃப் கைகொடுத்தது. ஊர் ஊராகப் போய் ஊசி போட்டவர்கள் நம் அரசு சுகாதாரப் பணியாளர்கள். மார்க் முழுவதையும் ஒருவருக்கே போட்டால் தப்பு. இன்னொரு சிக்கலும் உண்டு. ஷூவில் தையல் விட்டால் கண்ணுக்குத் தெரியும். வராமல் போன அம்மை தெரியுமா? ஆகவே முகாமில் எத்தனை பிள்ளைகள், அதில் எத்தனை பேருக்கு ஊசி, எத்தனை நாளுக்குள் என்றுதான் கேட்க வேண்டும்.

2006-ல் உதவி அமைப்புகளே பல ஒன்றுசேர்ந்து, சுனாமி வந்த நாடுகளில் தங்கள் வேலையைத் தாங்களே ஆராய்ந்து அறிக்கை விட்டன. முதல் சில நாட்களில் உயிர்களைக் காப்பாற்றியது பெரும்பாலும் உள்ளூர் மக்களே, பின்னால் வந்த பெரிய அமைப்புகள் அவர்களையே ஓரம் கட்டிவிட்டன என்று அதில் இருக்கிறது. தங்கள் குறையைத் தாங்களே அச்சில் போட்டார்களே, அதற்கு ஒரு சபாஷ்!

என்னைத் தூங்கவிடாதது அதிலுள்ள வேறொரு கணக்கு. சுனாமியில் பாதிக்கப்பட்ட ஆள் ஒன்றுக்கு வந்த உதவி சுமார் 7,100 டாலர். வங்கதேச வெள்ளத்தில் பாதிக்கப்பட்டவருக்கு 3 டாலர். அந்த வெள்ளமும் அதே 2004தான், சுனாமிக்குச் சில மாதம் முன்பு.