தண்ணீரைப் பார்த்து வீடு பிடியுங்கள்

சென்னையில் ஓரிரு ஆண்டுகள் தங்கி வேலை பார்க்கப் போகிறவர்கள், ஊரிலிருந்தே செல்போனில் வீடு பார்த்து அட்வான்ஸும் அனுப்பிவிட்டு வண்டியேறுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்படிச் செய்யாதீர்கள். முதல் மாதம் ஒரு பி.ஜி.யிலோ திருவல்லிக்கேணி மேன்ஷனிலோ கழியட்டும். வேலைக்குப் போகும் பெண்களுக்கு தாம்பரம், கூடுவாஞ்சேரி போன்ற இடங்களில் அரசின் தோழி விடுதிகள் இருக்கின்றன. அந்த ஒரு மாதம் தெருத் தெருவாக நடந்து பார்ப்பதற்கு.

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர். சென்னைக்கு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவத்தில்தான். அது பொய்த்தால் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் அடுத்த கோடையில் வற்றும். 2019இல் அப்படி வற்றியபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அதே மழை கொட்டித் தீர்த்தால் வேளச்சேரியும் முடிச்சூரும் மூழ்கும். 2015 டிசம்பரை அங்கே யாரும் மறக்கவில்லை. ஆகவே எந்த வீட்டுக்கும் இரண்டு கேள்விகள். மே மாதம் தண்ணீர் எங்கிருந்து வரும்? டிசம்பரில் தண்ணீர் எங்கே நிற்கும்?

வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்டால் போதாது. தெருமுனை மளிகைக் கடையில், இஸ்திரி வண்டிக்காரரிடம், பக்கத்துக் கட்டட வாட்ச்மேனிடம் கேளுங்கள். வெள்ளம் எதுவரை ஏறியது என்று சுவரில் கைவைத்தே காட்டுவார்கள். மெட்ரோ வாட்டர் வருகிறதா, போர் மட்டும்தானா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் செலவு யாருடையது என்பதையும் கேட்டுவிடுங்கள். குளியலறைக் குழாயிலும் பக்கெட்டிலும் வெள்ளையாக உப்பு படிந்திருந்தால் போர் தண்ணீரின் தரம் தெரிந்துவிடும். தரையில் கிரானைட் பதித்திருக்கிறது என்பதற்காக இதையெல்லாம் விட்டுக்கொடுக்கக் கூடாது.

அடுத்தது ரயில். வாடகை குறைவென்று புறநகருக்குப் போவதில் தவறே இல்லை, நடக்கும் தூரத்தில் ஸ்டேஷன் இருந்தால். கடற்கரை–தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயிலில் மாத சீசன் டிக்கெட் எடுத்தால் பயணச் செலவு ஒரு பொருட்டே அல்ல. சோழிங்கநல்லூர், சிறுசேரி பக்கம் அலுவலகம் என்றால் அந்த ரயில் உதவாது. அங்கே பக்கத்திலேயே குடியிருங்கள். மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டிகளில் பெண்களுக்குப் பயணம் இலவசம். அடிக்கடி ஊருக்குப் போகும் தென்மாவட்டக்காரர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அவர்களுடைய பஸ்கள் இப்போது பெரும்பாலும் கிளாம்பாக்கத்திலிருந்தே புறப்படுகின்றன. வடசென்னையில் வீடெடுத்தால் ஊர்ப் பயணத்துக்கு முன்னால் இன்னொரு பயணம் இருக்கிறது.

ஆடியிலும் மார்கழியிலும் பலர் வீடு மாற மாட்டார்கள். காலி வீடுகள் ஆளில்லாமல் கிடக்கும் அந்த மாதங்கள் வாடகை பேசத் தோதானவை.

பத்து மாத அட்வான்ஸ் கேட்பது சென்னையின் பழைய பழக்கம். 2017இல் இயற்றி 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் அதைவிடக் கூடுதலாக எழுதி இருவரும் சம்மதித்தால் அதுவே செல்லும். அதனால் பேச்செல்லாம் கையெழுத்துக்கு முன்பே முடிய வேண்டும். பணம் வங்கி வழியாகப் போக வேண்டும். வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின் கணக்கில் முதலில் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம், பயன்பாடு ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறும். நாலு குடித்தனம் ஒரே இணைப்பில் இருந்தால் அந்தச் சலுகை கரைந்துபோகும்.

காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் சட்டத்தில் உண்டு. பாக்கி இருந்தால் கழித்துக்கொள்ளலாம். பெயிண்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே சகஜம் என்பதால் அந்தத் தொகையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். பால் காய்ச்சும் அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.