சில்லுக்கு ஒரு முகவரிச் சீட்டு

மாட்டுங்கா, செம்பூர் போன்ற பகுதிகளின் வீடுகளிலிருந்து காலையில் புறப்படும் உணவு டப்பாக்கள், நண்பகலில் தொலைவிலுள்ள அலுவலகங்களைச் சென்றடைகின்றன. மும்பையில் 1890 ஆம் ஆண்டு தொடங்கிய இப்பணியைச் செய்வோர் டப்பாவாலாக்கள் எனப்படுவர். அலுவலர் உணவுக்காகத் தம் வேலையை விட்டு எழ வேண்டுவதில்லை. சேர வேண்டிய ரயில் நிலையம், கட்டடம், மாடி ஆகியவற்றை டப்பாவின் மேலுள்ள குறியீடு காட்டிவிடும்.

கைப்பேசி, தொலைக்காட்சி போன்ற கருவிகளின் உள்ளேயும் இத்தகைய ஏற்பாடு உண்டு. நினைவகத்திற்கும் பிற உறுப்புகளுக்கும் இடையே தரவைச் சுமந்து செல்வது, 'நேரடி நினைவக அணுகல் பொறி' (டி.எம்.ஏ.) ஆகும். செயலி ஆணையிட்டுவிட்டுத் தன் வேலையைத் தொடரும். பொறி தரவைச் சேர்த்தபின் 'குறுக்கீடு' என்னும் சைகையால் செயலிக்கு அறிவிக்கும்.

இப்பொறி எங்குள்ளது என்பதை லினக்ஸ் இயங்குதளம் எவ்வாறு அறியும்? பல சில்லுகளில் உறுப்புகள் தம்மைத் தாமே அறிமுகம் செய்துகொள்வதில்லை. ஆகவே, அவற்றின் விவரங்களைக் கிளைகிளையாக எழுதிய 'சாதன மரம்' என்னும் கோப்பு தரப்படுகிறது. பொறியின் பெயர், முகவரி, குறுக்கீட்டு எண், தடங்களின் எண்ணிக்கை முதலியன அதில் இடம்பெறும். எவற்றை எம்முறையில் எழுத வேண்டும் என விதிக்கும் ஆவணம் 'பிணைப்பு' எனப்படும்.

இவ்வாவணத்திற்குத் தெளிவு இன்றியமையாதது. கட்டட எண்ணும் மாடி எண்ணும் இடம் மாறினால் உணவு வேறொருவர் மேசையைச் சேரும். அதுபோலவே, பொறிக்குத் தரும் எண்களின் வரிசையை ஆவணம் விளக்காவிடின் தரவு உரிய இடத்தைச் சேராது. முகவரியே பிழையானால், பொறிக்குரிய ஆணை வேறோர் உறுப்பைச் சென்றடையும்.

மேலும், வெளியான பிணைப்பை எளிதில் மாற்றலாகாது. பழைய சாதன மரத்தைப் புதிய லினக்ஸும் புரிந்துகொள்ள வேண்டும். எனவே, இன்றைய மென்பொருளின் வசதியை அன்று, வன்பொருளின் இயல்பையே எழுதுதல் வேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான 'சக்தி' செயலியைக் கொண்ட சில்லுகளில் 2018 இல் லினக்ஸ் இயங்கியது. சில்லை வடிவமைத்தவர் சென்னையில் இருக்கலாம். அதற்கு மென்பொருள் எழுதுபவர் அவரை ஒருபோதும் காணாதவராக இருக்கலாம். அவ்விருவருக்கும் பாலமாவது எழுத்தே. அறிந்தவர், அறியாதவரை மனத்திற்கொண்டு எழுதுவதே நல்ல ஆவணம்.

பயிற்சி

1. செயலியின் சுமையை டி.எம்.ஏ. பொறி எவ்வாறு குறைக்கிறது?
2. சாதன மரம், பிணைப்பு – வேறுபாடு தருக.
3. தாதர் ரயில் நிலையத்திலிருந்து உங்கள் வீட்டிற்கு வரும் வழியை, மும்பைக்குப் புதியவருக்கு விளங்குமாறு ஐந்து தொடர்களில் எழுதுக.