விளையுமுன் விலை பேசுதல்

வயலில் நிற்கும் பயிரைக் கண்டு விலை பேசி முடித்தல் நம் நாட்டுக் கமக்காரருக்கும் வணிகருக்கும் புதியதொன்றன்று. விற்பவர் இன்னார், வயல் இன்னது, நெல் இன்ன இனம், இன்ன களத்தில் அளந்து கொடுக்கப்படும் என்பன இருவருக்கும் தெரிந்தவை. எழுத்தில் ஒன்றும் வேண்டுவதில்லை. ஆயின், இத்தகைய பேச்சு அவ்விருவரிடையே பிறந்து அவ்விருவரிடையே முடிவது. வயலையும் விற்பவரையும் அறியாத மூன்றாமவர் ஒருவர் அதனை விலைகொடுத்து வாங்கிப் பிறிதொருவருக்குக் கைமாற்றுதல் இயலாது. யார் கையிலிருந்தும் யார் கைக்கும் மாறத்தக்கதாய், எவர் வாங்கினும் ஒரே பொருளாய் அப்பேச்சு அமைக்கப்படும்பொழுதே அஃது எதிர்கால ஒப்பந்தம் எனப்படும்.

அவ்வாறு அமைத்தல் எளிதன்று. எந்தத் தானியம், எவ்வளவு, எவ்விடத்தில், எப்பொழுது என்னும் நான்கு வினாக்களை எவரும் முதலிற் கேட்பர். ஒப்பந்தம் முதிரும் இறுதி நாளில் அதனை வைத்திருப்பவருக்கு மெய்யாகக் கிடைப்பது யாது என்னும் ஐந்தாம் வினாவையோ பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தின் உயிர்நிலை அதுவேயாம்.

காரணத்தைச் சிறியதோர் உதாரணத்தால் விளக்கலாம். அமெரிக்காவிற் கோதுமை விளைவிக்கும் ஒருவர், அறுவடைக்கு நான்கு திங்கள் இருக்கையில், புசல் ஒன்று 6 டொலராக எதிர்கால ஒப்பந்தம் விற்கின்றார் என்க. அறுவடைக் காலத்தில் விலை வீழ்ந்து, தம் கோதுமையை அயலிலுள்ள களஞ்சியத்துக்கு 4 டொலருக்கே கொடுக்கின்றார். ஒப்பந்த விலையும் அவ்வாறே 4 டொலருக்கு இறங்கியிருப்பின், 6 டொலருக்கு விற்றதனை 4 டொலருக்குத் திரும்ப வாங்கித் தீர்த்து 2 டொலர் ஆதாயம் பெறுவர். இரண்டும் கூட அவர் எண்ணிய 6 டொலரும் கைக்கு வந்துவிடும். சந்தைக்கு ஒரு மணி தானியமும் அவர் அனுப்ப வேண்டியதில்லை. இவையெல்லாம் ஒப்பந்த விலையும் தானிய விலையும் இறுதியில் ஒன்றாய்ச் சேரும் என்னும் நம்பிக்கையின் மேலேயே நிற்கின்றன. ஒப்பந்த விலை 6 டொலரிலேயே நின்றுவிடத் தானிய விலை மாத்திரம் வீழுமாயின், அவருக்குக் கிடைப்பது 4 டொலரே.

இவ்வணிகம் முதலில் முறைப்பட்ட இடமாக அறிஞர் பலரும் காட்டுவது யப்பானிலுள்ள ஒசாக்கா நகரின் டோஜிமாச் சந்தையை ஆகும். தோக்குகாவா ஆட்சிக் காலத்தில் நிலப்பிரபுக்கள் வரியை அரிசியாகவே பெற்றனர். போர்வீரரின் வேதனமும் அரிசியாகவே அளக்கப்பட்டது. பணம் வேண்டுமாயின் அரிசியை விற்றல் வேண்டும். அதன்பொருட்டு அப்பிரபுக்கள் ஒசாக்காவிற் பண்டகசாலைகள் அமைத்து, ஆங்கிருந்த அரிசிக்கு உரிமைச் சீட்டுகள் வழங்கினர். மூட்டைகள் இருந்த இடத்தில் இருக்க, சீட்டுகள் கைமாறின. 1697 ஆம் ஆண்டில் டோஜிமாவுக்கு இடம்மாறிய இச்சந்தையின் வணிகத்துக்கு 1730 ஆம் ஆண்டில் ஷோகன் யோஷிமுனேயின் அரசு அங்கீகாரம் அளித்தது. அரிசி விலை வீழ்ந்து போர்வீரர் வறுமையுற்ற காலம் அது. விலையைத் தாங்குதலே ஆட்சியாளரின் நோக்கம். உண்போரின் நலன் அத்துணை நினைக்கப்படவில்லை எனலாம். 1732 இல் மேற்கு யப்பானிற் பஞ்சம் மூண்டது. மறுவருடத் தொடக்கத்தில் எடோ நகர மக்கள், அரிசியைப் பதுக்கினாரென ஐயுற்ற வணிகர் ஒருவரின் இல்லத்தைத் தகர்த்தெறிந்தனர். தானியத்தில் ஊகவாணிகம் செய்வோரைப் பற்றிய இவ்வையம் எக்காலத்தும் மறைந்ததில்லை. இந்தியாவில் 2007 ஆம் ஆண்டில் அரிசி, கோதுமை ஆகியவற்றின் எதிர்கால வணிகம் நிறுத்தப்பட்டமைக்கும் இதுவே பின்னணி.

டோஜிமாவில் இருவகை வணிகம் நடந்தது. ஒன்றிற் சீட்டுகள் விற்கப்பட்டன. மற்றையதற்கு ஏட்டரிசி என்று பெயர் கூறலாம். ஏட்டில் எழுதப்படுவதன்றி அங்கே அரிசியும் இல்லை, சீட்டும் இல்லை. ஆண்டு மூன்று தவணைகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொரு தவணைக்கும் குறித்ததோர் அரிசி அளவுகோலாகத் தெரிந்தெடுக்கப்பட்டது. 100 கொக்கு ஓர் ஒப்பந்தம். (கொக்கு என்பது நம் வயல்களிற் காணும் பறவையன்று, ஏறத்தாழ 150 கிலோகிராம் அரிசி, ஒருவர் ஓராண்டு உண்பதற்குப் போதுமென அக்காலத்தார் கொண்ட அளவு.) நாள் வணிகத்தின் முடிவைக் காட்ட ஒரு திரி கொளுத்தப்படும், அஃது அணையும் வேளையில் நின்ற விலையே அன்றைய இறுதி விலை. அதன் பின்னரும் கூச்சலிட்டு நிற்போர்மீது நீர் தெளித்துக் கலைப்பதற்கென்றே ஆட்கள் இருந்தனர். தவணை முடிவில் எவர் கணக்கும் தீராதிருத்தல் ஆகாது. விலை வேற்றுமையைப் பணமாகக் கொடுத்துத் தீர்த்தல் வேண்டும். முன்கூட்டிச் செலுத்தும் கட்டுப்பணமும், கணக்குத் தீர்ப்பதற்கெனத் தனி இல்லங்களும் அன்றே ஏற்பட்டிருந்தமை வியப்புக்குரியது.

சிக்காகோ வணிகர் சென்ற வழி வேறு. அங்கு 1848 இல் வணிகச் சபை நிறுவப்பட்டது. புகைவண்டி வந்து, பலருடைய கோதுமையும் ஒரே பெருங் களஞ்சியத்திற் கொட்டப்படவே, இன்னாருடைய கோதுமை என்ற பேச்சு ஒழிந்தது. இன்ன தரத்துக் கோதுமை என்பதே எஞ்சியது. தரங்கள் 1850 களில் வகுக்கப்பட்டன. எதிர்கால ஒப்பந்தங்களுக்கான விதிகள் 1865 இல் எழுந்தன. சம்பாவையும் நாட்டரிசியையும் ஒன்றாய்க் கொட்டி ஒரு விலை கூற நம்மவர் எவரும் ஒருப்படார். ஆதலின் தரம் வகுத்தலின் அருமையை நாம் எளிதில் உணரலாம். தரத்தையும் இடத்தையும் மிக நெருக்கமாக வரையறுத்தால், அக்குறித்த தானியம் முழுவதையும் ஒருவரே வளைத்துக்கொண்டு விற்றோரை நெருக்குதல் கூடும். 1888 இல் ஹச்சின்சன் என்பார் செப்டெம்பர் மாதக் கோதுமையை அவ்வாறு வளைத்து விலையை 2 டொலர்வரை ஏற்றினார். மிகத் தளர்வாக வரையறுத்தாலோ, விற்பவர் உள்ளவற்றுள் இழிந்ததையே கொண்டுவந்து தள்ளுவர். ஆகவே ஓர் அடிப்படைத் தரத்தைக் குறித்து, ஏனைய தரங்களை ஏற்றத்தாழ்வான விலைக்கு ஏற்றுக்கொள்ளும் வழக்கம் நிலைபெற்றது. ஓர் ஒப்பந்தம் 5,000 புசல். கோதுமைப் புசல் 60 இறாத்தல், நம் நெற்புசலினும் எடைமிக்கது.

இத்துணை அனுபவம் வாய்ந்த சந்தையே 2005 ஆம் ஆண்டுக்குப் பின் இடறியது. கோதுமை ஒப்பந்தம் முதிர்ந்த நாளிலும் அதன் விலை தானிய விலையோடு சேராமல் மேலே நின்றது. 2008 இல் இடைவெளி ஒருகட்டத்திற் புசலுக்கு ஏறத்தாழ 2 டொலராயிற்று. மேலே கூறிய உதாரணத்தின் கேடு மெய்யாகவே நேர்ந்தது. கமக்காரரிடம் முன்விலை பேசி வாங்கிவந்த களஞ்சியத்தார் சிலர், ஒப்பந்த விலை ஏறுந்தோறும் கட்டவேண்டிய பணத்துக்கு ஈடுகொடுக்க மாட்டாது, நெடுந்தவணைக்கு விலை கூறுதலையே நிறுத்தினர்.

பண்டக் குறியீடுகளிற் பணமிட்ட பெரு நிதிகளே காரணமென 2009 இல் அமெரிக்கச் செனற்றின் துணைக்குழு ஒன்று அறிக்கை விடுத்தது. பொருளியலறிஞர் சிலரோ ஒப்பந்தத்திலுள்ள ஒரு சிறு விதியைச் சுட்டினர். அவர் கூற்றே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகின்றது. ஒப்பந்தம் முதிர்ந்ததும் வாங்கியவருக்குக் கோதுமை கிடைப்பதில்லை. களஞ்சியத்திலுள்ள கோதுமைக்கு உரிமைச் சீட்டே கிடைக்கும். அவர் அதனை உடனே மீட்க வேண்டியதில்லை. நாட்கூலி செலுத்தி வைத்திருந்து, அடுத்த தவணையில் அச்சீட்டையே விற்றுவிடலாம். அக்கூலியை விதி நிலையாக வரையறுத்திருந்தது. புசலுக்கு மாதம் 5 சதத்துக்கு மேற்படாது. வெளியிலோ தானியத்தைச் சேமித்து வைப்பதன் விலை அதனைக் கடந்து சென்றது. ஆகவே சீட்டை வைத்திருப்பவர் கோதுமையை மாத்திரமன்றி, மலிவான களஞ்சிய இடத்தையும் உடையவரானார். அவ்விடத்தின் பெறுமதி சீட்டின் விலையில் ஏறியது; கோதுமையின் விலையில் ஏறவில்லை. இடைவெளி பிறந்த வழி இதுவே.

பரிகாரமும் அவ்விதியிலேயே செய்யப்பட்டது. 2010 ஜூலை முதல் களஞ்சியக் கூலி மாறும் கூலியாயிற்று. அடுத்தடுத்த இரு தவணை விலைகளின் வேற்றுமை, வட்டியும் கூலியும் சேர்ந்த முழுச்செலவின் 80 வீதத்தை எட்டினால் நாட்கூலி புசலுக்கு 0.1 சதம் உயரும்; 50 வீதத்துக்குத் தாழ்ந்தால் அவ்வளவு குறையும். அதன்பின் இடைவெளி பெரிதும் ஒடுங்கியது. நிதிகள் சந்தையை விட்டு வெளியேறாதிருக்கவும் இது நிகழ்ந்தமை கருதத்தக்கது.

யப்பானில் அரிசிச் சந்தைகள் 1939 இல் அரச கட்டுப்பாட்டினால் மூடப்பட்டன. 2011 இல் அரிசி எதிர்கால ஒப்பந்தம் பரீட்சார்த்தமாக மீண்டும் தொடங்கப்பட்டது. விவசாயக் கூட்டுறவுச் சங்கங்கள் அதனை எதிர்த்தன. விளைவிப்போரும் போதிய அளவிற் பங்குகொள்ளவில்லை. 2021 இல் நிரந்தர அனுமதியை விவசாய அமைச்சு மறுக்க, அது நின்றது. 2024 ஓகஸ்டில் டோஜிமாவின் பெயர் தாங்கிய சந்தையிற் புதியதொன்று வந்தது. இதில் எந்த மாகாணத்தின் எந்த அரிசி என்னும் வினா இல்லை, அரிசியின் சராசரி விலையே பொருள், தீர்ப்பதும் பணமாகவே. ஏட்டரிசியைப் போன்றே இங்கும் ஒரு மூட்டையும் கைமாறாது. களஞ்சியக் கூலியைப் பற்றிய சிக்கல் இதில் எழுவதற்கில்லை. அதற்கு ஈடாக, சராசரியை வகுப்பவர் எவர், எவ்விற்பனைகளைக் கணக்கிற் சேர்ப்பர், எந்நாளில் வெளியிடுவர் என்பன ஒப்பந்தத்தின் உயிர்நிலையாயின. அது தொடங்கி ஓராண்டு நிறையுமுன்னரே, 2025 இன் வசந்தத்தில், யப்பானியக் கடைகளில் 5 கிலோகிராம் அரிசியின் சராசரி விலை 4,000 யெனைக் கடந்து, முன்னாண்டு விலையின் ஏறத்தாழ இருமடங்காயிற்று.