வாளியில் அள்ளிய கடல்

வீட்டுக்குள் ஒரு கடல் – 6

“என்ன தம்பி, கடல் வாசலிலை கிடக்குது, நீர் காசு குடுத்து உப்பு வாங்கித் தண்ணி கரைக்கிறீராம்?”

மூன்றாம் வீட்டு அண்ணை இதைக் கேட்டபோது அவர் கையில் தேத்தண்ணி, என் கையில் சமையலறைத் தராசு. டச்சுக்குடாக் கரை எங்கள் படலையிலிருந்து ஐந்து நிமிட நடை. திருகோணமலையில் பிறந்தவன் உப்புப் பை வாங்குவது பகிடிதான். ஆனால் அந்தப் பகிடிக்குப் பின்னால் எனக்கொரு பழைய தோல்வி இருக்கிறது. இந்த வாரம் அதிலிருந்து தொடங்குவோம்.

சென்ற வாரம் 60 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 40 உயரமுள்ள கண்ணாடித் தொட்டியை மேசையில் மட்டம் பார்த்து வைத்ததோடு நிறுத்தியிருந்தேன். விளிம்பு தட்ட நிரப்பினால் 108 லீற்றர். கல்லுக்கும் மணலுக்கும் மேலே விடும் வெளிக்கும் கழித்தால் 85 லீற்றர் தண்ணீர்தான் நிற்கும். நான் முதலில் வைத்திருந்த தொட்டி இதில் பாதி. ஒரு டிசம்பர் மாதம், மழை ஓய்ந்திருந்த காலைப்பொழுதில், இறங்குதுறைப் பக்கம் போய் இரண்டு கான் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினேன். கண்ணாடிபோலத் தெளிந்த தண்ணீர். மூன்றாம் நாள் இறால் இரண்டும் பக்கவாட்டில் சரிந்து கிடந்தன. ஆறாம் நாள் மீனும் போனது.

பிறகுதான் ஒருவரிடம் இரவல் வாங்கிய உப்பளவுக் கருவியில் ஒரு துளி விட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். முருகைப்பாறைக் கடலில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கும். என் தண்ணீரில் 26.

காரணம் மாரி. நாட்டின் மிக நீளமான ஆறான மகாவலி வந்து விழுவது நமது கொட்டியாரக் குடாவில். வாடைக்காற்றோடு மழை பிடித்துவிட்டால் ஆற்று நன்னீரும் ஊரெல்லாம் கழுவிய வெள்ளமும் குடாவின் மேற்பரப்பில் படர்ந்து நிற்கும். நன்னீர் இலேசானது, உப்புநீருக்கு மேலே மிதக்கும். வாளி அள்ளுவதோ மேல்நீரைத்தான். அதோடு வள்ளங்களின் எண்ணெய்ப் படலம் வேறு. கடலுக்குள் பத்து மீற்றர் ஆழத்தில் வாழும் முருகைக்கு இதெல்லாம் தெரியாது. என் இறாலுக்குத் தெரிந்துவிட்டது.

அப்படியென்றால் உப்பளத்து உப்பைக் கரைக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். நிலாவெளியில் உப்பளம் இருக்கிறது, உப்புவெளி என்று ஒரு ஊருக்குப் பெயரே இருக்கிறது. விசயம் இங்கேதான் சுவையானது. உப்பளத்துப் பாத்தியில் கடல்நீர் வற்றும்போது எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் கல்சியம் காபனேற்று இறங்கும், அடுத்து ஜிப்சம் என்கிற கல்சியம் சல்பேற்று, அதன் பிறகுதான் நாம் சோற்றுக்குப் போடும் சோடியம் குளோரைட்டு. மகனீசியமோ கடைசிவரை படியாமல் கசப்புநீராய் மிஞ்சும், அதை வடித்துவிடுவார்கள். வடிக்காவிட்டால் உப்புக் கசக்கும். ஆக, முருகையும் சிப்பியும் தம் எலும்பையும் ஓட்டையும் கட்டுவதற்குத் தேவையான கல்சியம் முதற்பாத்தியிலேயே தங்கிவிடுகிறது, மகனீசியம் கடைசி வாய்க்காலால் போய்விடுகிறது. நமக்கு வந்து சேர்வது நாக்குக்கான உப்பு. நல்ல உப்பளக்காரர் எவ்வளவுக்குத் திறமையாக வேலை செய்கிறாரோ அவ்வளவுக்கு அவருடைய உப்பு மீன்தொட்டிக்கு ஆகாது.

ஆகவே இரண்டே வழி. ஒன்று, கடலுக்குள் போகிற வள்ளக்காரர் ஒருவரைப் பிடித்து, சித்திரைக்கும் புரட்டாசிக்கும் இடையே கடல் அடங்கிக் கிடக்கும் நாளில், கரையையும் துறைமுக வாயையும் நன்றாகக் கடந்து போய்த் தண்ணீர் எடுப்பித்தல். அதை மூடியுள்ள பீப்பாயில் இருட்டில் இரண்டு வாரம் காற்றோட்டம் கொடுத்து வைத்தால் மிதக்கும் நுண்ணுயிர்கள் மடிந்து அடியில் படியும். மேல்நீரை வடித்துக்கொள்ளலாம். மற்றது, மீன்தொட்டிக்கென்றே கல்சியமும் மகனீசியமும் கலந்து விற்கும் உப்பு. என் 85 லீற்றருக்கு 3 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே போனது. ஒரு வாளியில் முதலில் தண்ணீர், பிறகு உப்பு. மாற்றிப் போட்டால் கல்சியம் வெண்பொடியாய் அடியில் உறைந்துவிடும். ஒரு நாள் முழுக்கச் சுழலவிட்டு, அளந்து பார்த்து, அதன் பிறகே தொட்டிக்கு ஊற்ற வேண்டும்.

தண்ணீர் எங்கே எடுப்பது? கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். மலக்குழிக்குப் பக்கத்துக் கிணறு என்றால் நைத்திரேற்று, கரையோரக் கிணறு என்றால் சவர். வடிகட்டிய குடிநீர் விற்கும் கடையில் கானில் வாங்கினேன். அந்தத் தண்ணீர் நாள்தோறும் தேவைப்படும். தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கிறது. குறைந்த இடத்தை உப்புநீரால் நிரப்பினால் ஒரு மாதத்தில் உங்கள் தொட்டி சாக்கடல். குறைவதற்கு நன்னீர், மாற்றுவதற்கு மட்டும் உப்புநீர். இதை ஒரு தாளில் எழுதித் தொட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். வீட்டில் வேறு யாராவது உதவி செய்ய வந்துவிடுவார்கள் என்ற பயத்தில்.

கடலை வீட்டுக்குள் கொண்டுவரும் ஆசை நமக்கு மட்டுமானதல்ல. 1846 இல் அன்னா தைன் என்ற பெண்மணி இங்கிலாந்தின் டோக்கீ கரையிலிருந்து சில கல்முருகைகளை ஜாடியில் இலண்டனுக்குக் கொண்டுபோனார். காற்றுப் பம்பி இல்லாத காலம். வேலைக்காரப் பெண்ணைத் திறந்த யன்னலுக்கு முன்னால் நிறுத்தி, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றதற்குக் கடல்நீரை அரைமணி முக்கால்மணி நேரம் ஆற்றச் செய்தார். தேத்தண்ணி ஆற்றுவதுபோல. முருகைகள் பிழைத்தன. அந்த வேலைக்காரியின் பெயர் நான் வாசித்த எந்த மீன்தொட்டி வரலாற்றிலும் வருவதில்லை.

இனிக் கல். இந்தத் தொடரில் நான் எழுதத் தயங்கிய பகுதி இதுதான்.

1961 இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் ஒரு சஞ்சிகையில் தன் முறையை எழுதினார். பெரிய வடிகட்டிகள் எதுவும் இல்லை. கடலிலிருந்து உயிரோடு எடுத்த கல், காற்றுக் குமிழி, வெளிச்சம், அவ்வளவே. கல்லின் துளைகளுக்குள் வாழும் பற்றீரியாவும் புழுவும் பாசியும் கழிவைத் தின்று தண்ணீரைக் காத்தன. இன்றைய முருகைத்தொட்டிகளின் பாட்டன் அந்தத் தொட்டி. அந்தக் கல்லுக்கு ‘உயிர்க்கல்’ என்று பெயர் வந்து, உலகச் சந்தையில் கிலோக் கணக்கில் விற்றது.

நமக்கு அந்த வழி இல்லை. இருக்கவும் கூடாது. 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டத்தில் 1988 இல் வந்த திருத்தம், கரையோர வலயத்தில் முருகைக்கல்லை அகழ்வதை மட்டுமன்றிச் சேகரிப்பதையும் வைத்திருப்பதையும் ஏற்றி இறக்குவதையும் எரிப்பதையும் தடுக்கிறது. எரிப்பது ஏனென்றால், கிழக்குக் கரையில் சுண்ணாம்புச் சூளைகளுக்குப் போன கல் அவ்வளவு. நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவு 2003 இல் தேசியப் பூங்கா ஆனது. அங்கே கரையொதுங்கிக் கிடக்கும் செத்த முருகைத் துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது. பையில் ஒன்று போட்டு வந்து அலுமாரியில் வைத்திருப்பவர்கள் இதை வாசிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அலங்கார மீன் பிடிக்கும் சுழியோடி ஒருவரை எனக்குப் பழக்கம். தெற்கில் கடல் குழம்பும் மாதங்களில் அங்கிருந்தும் பலர் இந்தக் கரைக்கு வந்து வாடி போடுவார்கள். இவர் இங்கேயே பிறந்தவர். அவர் சொன்னது: “98 இல தெற்கால முருகை எல்லாம் வெளுத்துச் செத்தது தம்பி, எங்கட புறாமலை தப்பிச்சுது. சண்டை முடிஞ்ச பிறகு சனம் வந்து மிதிச்சு முறிச்சதுதான் கூட.” 1998 இல் கடல் சூடேறி நாட்டின் தெற்கு, மேற்குக் கரைகளின் முருகை பெரும்பாலும் மடிந்ததும், இங்கே அந்த அழிவு ஏற்படாததும் ஆய்வாளர்களும் பதிந்திருப்பவைதான். கடற்சூடும் போரும் விட்டுவைத்ததைச் சுற்றுலாக் கால்கள் தின்றன என்றால், நானும் ஒரு துண்டை முறித்து வந்து கண்ணாடிக்குள் வைப்பதா?

கல்லை நானே செய்தேன். சீமெந்து ஒரு பங்கு, கோழித்தீன் கடையில் கிடைக்கும் நொறுக்கிய சிப்பி ஓடு இரண்டு பங்கு, கல்லுப்பு இரண்டு பங்கு. ஆம், அதே உப்பளத்து உப்பு. தண்ணீருக்கு உதவாத அது கல்லுக்கு உதவியது. ஈர மணலில் குழி தோண்டி இந்தக் கலவையை ஊற்றி இறுகவிட்டு, பிறகு நன்னீரில் போட்டால் உப்புக் கரைந்து போன இடமெல்லாம் துளை. பற்றீரியா குடியிருக்க அந்தத் துளைதான் வீடு. ஆனால் பொறுமை வேண்டும். புதுச் சீமெந்து தண்ணீரைக் கடுங்காரமாக்கும். நாலைந்து நாளுக்கொருமுறை தண்ணீர் மாற்றி எட்டு வாரம் ஊறவிட்டேன். ஊறிய நீரின் pH 8.4 க்கு இறங்கிய பிறகே கல் தொட்டிக்குள் போனது.

மணலில் இன்னொரு பாடம். கரை மணலை அள்ளிக் கழுவிப் போட்டேன். நம் கரையில் அங்குமிங்கும் கறுப்புக் கோடுகளாய்த் தெரிவது இல்மனைற்று. வடக்கே புல்மோட்டையில் தொழிற்சாலை வைத்து எடுப்பதும் அதையே. கண்ணாடி துடைக்கும் காந்தத்தை உள்ளே விட்டதும் அந்தக் கருமணல் வந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. ஒரே இழுப்பில் கண்ணாடிக்குக் குறுக்கே ஒரு கீறல். இன்றும் இருக்கிறது, விருந்தினர் வந்தால் அந்தப் பக்கம் கதிரையைத் திருப்பி வைக்கிறோம். இப்போது மணலே இல்லை, வெறும் அடி.

கல்லும் தண்ணீரும் தயார் என்றதும் மீன் விடலாமா? கூடாது. உரித்த இறால் ஒன்றைத் தொட்டிக்குள் போட்டு அழுகவிட்டேன். வீட்டில் எழுந்த ஆட்சேபணைகளை இங்கே எழுதவில்லை. அழுகலிலிருந்து அமோனியா வரும், அது நஞ்சு. ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும், அதை வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிச் சமாளிக்கலாம். இந்த இரண்டு கூட்டமும் பெருகி வேலையைப் பொறுப்பேற்க நாலிலிருந்து ஆறு வாரம். எனக்கு 39 நாள் எடுத்தது. தொட்டி வாங்கிய ஆசையில் இந்த ஆறு வாரத்தைக் காக்க முடியாமல்தான் முக்கால்வாசித் தொட்டிகள் செத்துப்போகின்றன என்பது என் எண்ணம்.

உபகரணங்களில் மிச்சம் பிடிக்கக்கூடாதது ஒன்றுதான்: தண்ணீரை அசைக்கும் சிறு பம்பி. மணிக்குத் தொட்டியின் இருபது மடங்கு நீரைத் தள்ளுவதாக இருக்கட்டும். சூடாக்கி நமக்கு வேண்டாம், நமது பிரச்சினை குளிராக்குவது. சித்திரை வெயிலில் மூடியிட்ட தொட்டி 32 பாகை காட்டும். மூடியைக் கழற்றி மேற்பரப்புக்கு நேரே ஒரு சின்ன மின்விசிறியை வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும், ஆனால் நாளுக்கு ஒரு லீற்றருக்கு மேல் தண்ணீர் பறக்கும். நன்னீர்க் கானைப் பக்கத்திலேயே வையுங்கள்.

பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பி ஒன்றும் அவசியம். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்தக் கிழமை நானும் மகனும் முறைவைத்துக் குவளையால் அள்ளி அள்ளி ஊற்றினோம். அன்னா தைன் வீட்டு வேலைக்காரியை அப்போதுதான் நினைத்துக்கொண்டேன்.

“முருகை இல்லாத முருகைத்தொட்டியா?” என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். ஆம், என் தொட்டியில் கல்முருகை இல்லை, இருக்கப்போவதும் இல்லை. இந்தியாவிலும் 2001 முதல் கல்முருகைகள் எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் முதலாம் அட்டவணையில், புலியோடு சேர்த்து. இதில் ஒரு இலாபமும் உண்டு. முருகையின் சதைக்குள் வாழும் நுண்பாசிக்காகத்தான் விலைகூடிய நீல விளக்குகள். முருகை இல்லையென்றால் சாதாரண வெள்ளை விளக்குப் போதும்.

மீனுக்கு மட்டும் ஒரு சொல். எல்லாப் பிள்ளைகளும் படத்தில் பார்த்துக் கேட்கும் செம்மஞ்சள் கோமாளி மீன் நம் கரைக்குரியதல்ல, நம் பாறைகளில் உள்ளவை அதன் ஒன்றுவிட்ட சகோதரங்கள். ஆனால் தொட்டியிலேயே முட்டையிட்டுப் பொரிக்க வைக்கக்கூடிய மீன் அது. நீரிணைக்கு அப்பால் மண்டபத்து ஆராய்ச்சி நிலையமும் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் கோமாளி மீன்களை அப்படி வளர்த்துக் காட்டியிருக்கின்றன. வாங்கும்போது பண்ணையில் பொரித்ததா, கடலில் பிடித்ததா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள். என் தொட்டியில் இப்போது பண்ணைக் கோமாளி இரண்டு, நத்தை நாலு.

கடைசியாக, குடாவைச் சுற்றி இருப்பவர்களுக்கு: கடல்நீரே வேண்டுமென்று நினைப்பவர்கள் புரட்டாசி முடிவதற்குள் எடுத்துப் பீப்பாயில் அடைத்துவிடுங்கள். மாரி பிடித்தால் பங்குனி வரை வாளியைத் தொட வேண்டாம்.